நோம்பி சாட்டிய ஊரில் பள்ளிக்கூடம்: கொங்கு நாட்டின் இரண்டு நாட்காட்டிகள்

மாசி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டுப் பள்ளிகளில் ஒரே குழப்பம் பல கேள்விகளாக வெளிப்படும். ஊரில் மாரியம்மனுக்குச் சாட்டியாகிவிட்டது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா? ஆட்சியர் அறிவித்த உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக வேறொரு சனிக்கிழமை ஏன் பள்ளி நடக்கிறது? பள்ளியில் பொங்கல் வைப்பதற்கும் ஆண்டு விழாவுக்கும் பெற்றோர் பணம் கொடுத்தே ஆக வேண்டுமா? பள்ளி மேலாண்மைக் குழு என்ற பெயரில் வரும் அழைப்புக்குப் போனால் அங்கே என்ன வேலை இருக்கிறது?

தனித்தனியாகக் கேட்கப்படும் இக்கேள்விகளுக்கு அடிப்படை ஒன்றுதான். ஊருக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, பள்ளிக்கு வேறொரு நாட்காட்டி இருக்கிறது. குடும்பம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஊர் நாட்காட்டியில் தன் பங்கு என்ன என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். பள்ளி நாட்காட்டியில் அந்தப் பங்கு பெரும்பாலும் எழுதப்படாமலேயே இருக்கிறது.

## சில சொற்கள்

நோம்பி: நோன்பு என்ற சொல்லின் கொங்கு வழக்கு. பட்டினி இருப்பதை மட்டும் இது குறிப்பதில்லை. தீபாவளியும் நோம்பிதான், ஆடிப் பண்டிகையும் நோம்பிதான், மாரியம்மன் திருவிழாவும் நோம்பிதான்.

சாட்டு: திருவிழா தொடங்கிவிட்டது என்று ஊருக்கு முறைப்படி அறிவிப்பது. பூச்சாட்டு என்பதும் இதுவே. சாட்டிய நாளிலிருந்து எட்டு நாளிலோ பதினைந்து நாளிலோ நோம்பி நிறைவடையும். சாட்டிய பிறகு ஊரைவிட்டு வெளியே போனாலும் இரவு தங்காமல் திரும்பிவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைக்கூட வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

தலைக்கட்டு வரி: குடும்பத்துக்கு இவ்வளவு என்று நோம்பிச் செலவுக்காக ஊர் வகுக்கும் தொகை.

பள்ளி மேலாண்மைக் குழு: 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அமைக்கப்படும் குழு. நெடுங்காலமாக இருந்துவரும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

## ஊரின் ஆண்டு, பள்ளியின் ஆண்டு

பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. அதன் மேல் கொங்கு நாட்டின் பருவ விழாக்களை வைத்துப் பார்த்தால், எங்கே இரண்டும் இசைகின்றன, எங்கே மோதுகின்றன என்பது தெரியவரும்.

ஆடி முதல் நாள் ஜூலை நடுவில் வருகிறது. பள்ளி திறந்து ஆறேழு வாரம் ஆகியிருக்கும். தேர்வு எதுவும் அருகில் இருக்காது. ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் பகுதிகளில் அன்று மாலை தேங்காய் சுடும் நோம்பி. குடுமியையும் நாரையும் எடுத்துவிட்டு, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு கண்ணை மட்டும் குத்தி நீரை வடித்துக்கொள்வார்கள். அந்தக் கண் வழியாகவே பொட்டுக்கடலை, பாசிப்பயறு, எள், அவல், வெல்லம் ஆகியவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்து, வடித்த நீரில் ஒரு பகுதியைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சில் குச்சியால் அடைப்பார்கள். மஞ்சள் பூசிய அந்தக் காயைத் தெருவில் மூட்டிய தீயில் பிள்ளைகள் வரிசையாக நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஓடு கருகி வெடிக்கும்போது உள்ளே பூரணம் வெந்திருக்கும். பிள்ளையாருக்குப் படைத்த பிறகு எல்லோருக்கும் பங்கு. நீர் கொதித்துப் பருப்பை வேகவைப்பது எப்படி, ஓடு ஏன் வெடிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அறிவியல் பாடத்தை எந்த ஆய்வகமும் தர இயலாது. மறுநாள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வெப்பப் பாடத்தை நடத்துவது, கையிலிருக்கும் வாய்ப்பை நழுவவிடுவதாகும்.

ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் தொடக்கத்தில் வருகிறது. பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் காவிரிக் கரை நிரம்பிவிடும். கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா ஆடி 17, 18 ஆகிய நாள்களில் நடக்கிறது. ஆடியிலேயே நடக்கும் அந்தியூர் குருநாதசாமி திருவிழாவும் அதன் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து இழுக்கும் வலிமை உடையவை. ஆயினும் ஆடியின் மோதல் ஓரிரு நாள்களோடு முடிந்துவிடுகிறது.

தீபாவளியின் இயல்பு வேறு. திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களும் பல்லடம், சோமனூர், குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் விசைத்தறிகளும் போனஸ் கொடுத்து ஓய்கிற காலம் அது. தென் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சொந்த ஊருக்குப் போய்விடும். விடுமுறை முடிந்தாலும் திரும்பி வரச் சில நாள்கள் பிடிக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய பாடங்கள் அந்த இடைவெளியில்தான் விடுபடுகின்றன.

தைப் பொங்கல் எல்லா வகையிலும் பள்ளிக்கு இணக்கமான விழா. போகி நாளன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலிலும் கட்டுத்தரையிலும் காட்டு மூலையிலும் செருகுவதைக் கொங்கில் காப்புக்கட்டு என்பர். மாட்டுப் பொங்கலன்று பட்டிப் பொங்கல். சாணத்தால் சிறிய தெப்பக்குளம் கட்டி, நீர் நிரப்பி, “பட்டி பெருக, பால் பானை பொங்க” என்று கூவிக்கொண்டு பட்டியைச் சுற்றுவார்கள். அடுத்த நாள் பூப்பறிக்கும் நோம்பி, பெண் பிள்ளைகளின் விழா. இவற்றில் பெரும்பாலானவை அரசு விடுமுறைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. தைப்பூசமும் 2021 முதல் பொது விடுமுறை ஆகிவிட்டபடியால், பழனிக்கு நடந்து செல்லும் குடும்பங்களின் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. ஓரளவு என்று சொல்லக் காரணம், நடைப் பயணம் ஒரு நாளில் முடிவதில்லை.

உண்மையான மோதல் மாசி, பங்குனி மாதங்களில்தான். மானாவாரி வெள்ளாமை தையோடு முடிந்து, மஞ்சள் வெட்டி வேகவைத்துக் காயப்போடும் காலம் அது. வெயில் ஏறத் தொடங்கும். முற்காலத்தில் அம்மை பரவும் என்று அஞ்சிய பருவமும் அதுவே. எனவேதான் கம்பம் (கோயில் முன் நடும் மரத்தூண்) நடுதல், பூவோடு (தீச்சட்டி), மாவிளக்கு, முளைப்பாரி, குண்டம் (தீமிதி), மஞ்சள் நீராட்டு ஆகியவை எல்லாம் இம்மாதங்களில் குவிந்துகிடக்கின்றன. ஈரோட்டுப் பெரிய மாரியம்மன் வகையறாக் கோயில்களின் திருவிழாவும், சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியின் குண்டமும் பங்குனியில் வருகின்றன. அதே நாள்களில் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் அரசுப் பொதுத்தேர்வு நடக்கிறது. கம்பத்தைச் சுற்றி விடிய விடியப் பறை ஒலிக்கும் தெருவில், காலை பத்து மணித் தேர்வுக்கு ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது.

## உள்ளூர் விடுமுறை: எது உண்டு, எது இல்லை

இவ்வளவு திருவிழாக்களையும் மாநிலம் முழுமைக்குமான விடுமுறைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அதனால் ஒரு மாவட்டத்துக்கோ அதன் ஒரு பகுதிக்கோ மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். வல்வில் ஓரி விழாவுக்காக நாமக்கல் மாவட்டத்துக்கும், கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்காகச் சேலத்துக்கும் இவ்வாறு அறிவிக்கப்படுவது வழக்கம். அந்த அறிவிப்பைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

1. இது செலாவணி முறிச் சட்டம், 1881இன் கீழ் வரும் விடுமுறை அன்று. ஆகவே வங்கிகளை இது கட்டுப்படுத்தாது; கருவூலங்களும் குறைந்த பணியாளர்களோடு இயங்கும்.

2. பொதுத்தேர்வு நடக்கும் நாளாக இருந்தால் தேர்வு தள்ளிப்போகாது. தேர்வு எழுதும் பிள்ளைக்கு அன்று விடுமுறை கிடையாது.

3. விடுமுறைக்கு ஈடாக வேறொரு நாள், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை, வேலைநாளாகும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாள்களையும் 800 கற்பித்தல் மணி நேரத்தையும், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 220 நாள்களையும் 1000 மணி நேரத்தையும் கேட்கிறது. விட்ட நாளைத் திரும்பப் பிடிப்பதற்கு இதுவே காரணம்.

சிற்றூர் மாரியம்மனுக்கு ஆட்சியரின் விடுமுறை வராது. ஊர்க்கூட்டம் கூடி நாள் குறிக்கும் வரை தேதியே உறுதியாகாத நோம்பி அது. ஜூனில் அச்சாகும் பள்ளி நாட்காட்டியில் அதற்கு இடம் எப்படி இருக்கும்? ஆகவே மாவிளக்கு நாளன்று வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லாமல் போவதும், வருகைப் பதிவேட்டில் அது விளக்கமில்லாத விடுப்பாகப் பதிவாவதும் ஆண்டுதோறும் நிகழ்கின்றன.

## சட்டம் பெற்றோருக்கு என்ன இடம் தருகிறது?

பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும்; மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள்; நலிவுற்ற பிரிவினரின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுத்துப் பரிந்துரைப்பது, வரும் நிதி எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது ஆகியவை இதன் பணிகள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் பெரிய அளவில் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. 2024இல் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம். உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பாதிப் பேர் பெண்கள் என்ற விதியைக் கொங்கு ஊர்களின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். நோம்பியின் உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது: மாவு இடிப்பது, முளைப்பாரி வளர்ப்பது, பூவோடு எடுப்பது, வந்த உறவுக்கெல்லாம் சமைத்துப் போடுவது. ஆனால் நாள் குறிக்கும் ஊர்க்கூட்டத்தில் பாயில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆண்களே. முடிவெடுக்கும் நாற்காலியில் ஊர்ப் பெண்கள் சட்டப்படி உட்காரும் இடங்களில் ஒன்றாகப் பள்ளிக்குழு இருக்கிறது என்பது சிறிய செய்தி அன்று. கணவர் வந்து மனைவியின் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் குழுக்களில் அந்தச் செய்திக்குப் பொருளில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## ஊர் நோம்பி ஏன் நடக்கிறது, ஆண்டு விழா ஏன் தள்ளாடுகிறது?

ஊர் நோம்பிக்கு யாரும் அழைப்பிதழ் அனுப்பிப் பெற்றோர் ஒத்துழைப்பைக் கோருவதில்லை. பந்தல்கால் நடுவது யார், கம்பத்துக்கு மரம் வெட்டி வருவது யார், எந்த நாள் கட்டளை (பூசைச் செலவுப் பொறுப்பு) எந்தக் குடும்பத்துடையது, பறை அடிப்பவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்பவை எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. கோவைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய் இருபது ஆண்டு ஆனவரும் தம் முறை வரும் நாளில் வந்து நிற்பார். வராவிட்டால் அந்த வேலை நடக்காது, நடக்காமல் போனது ஊருக்கே தெரியும் என்பதுதான் அவரை இழுத்து வருகிறது.

பள்ளி ஆண்டு விழாவில் பெற்றோரின் வேலை என்ன? மாலை நான்கு மணிக்கு வந்து, மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, சிறப்பு விருந்தினர் பேச்சைக் கேட்டு, தம் பிள்ளை மேடையில் நிற்கும் நான்கு நிமிடத்தைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு போவது. அவர் வராவிட்டாலும் விழா நடக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இதற்கு வருவாரா என்று கேட்டால், வராதவரைக் குறைசொல்வதற்கில்லை.

அதே பெற்றோர் பள்ளிப் பொங்கலுக்கு வருகிறார்கள், வந்து வேலையும் செய்கிறார்கள். அங்கே வேலை கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று கல் கூட்ட வேண்டும். பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்ட வேண்டும். காய்ந்த விறகு வேண்டும். காற்றடித்தால் தென்னந்தடுக்கால் மறைக்க வேண்டும். அரிசி எப்போது போடுவது என்பதில் ஆசிரியர் சொல் செல்லாது, அடுப்பங்கரையில் பழுத்த கைதான் சொல்ல வேண்டும். பானை பொங்கும் திசையைப் பார்த்துப் பிள்ளைகள் குரல் எழுப்பும் வரை அம்மாக்கள் அடுப்பைவிட்டு அகல்வதில்லை. தலைமையாசிரியரிடம் பேசத் தயங்கும் பெண் அந்த அடுப்பருகில் நின்றுகொண்டு, எட்டாம் வகுப்பு மகளுக்குக் கணக்கு வரவில்லை என்பதை இயல்பாகச் சொல்லிவிடுகிறார். பெற்றோர் கூட்டத்தில் கிடைக்காத செய்தி அது.

இன்னோர் எடுத்துக்காட்டு வள்ளி ஒயில் கும்மி. மேட்டுப்பாளையம் வட்டாரத்தைச் சேர்ந்த கலைஞர் எம். பத்ரப்பன் இக்கலையைப் பெண்களுக்கும் பயிற்றுவித்தவர். 2024இல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று கொங்கு ஊர்களில் சிறுவர் முதல் பாட்டிமார் வரை ஒரே வட்டத்தில் நின்று அடி வைக்கிறார்கள். இரவு உணவுக்குப் பின் கோயில் திடலில் வாரக்கணக்கில் நடக்கும் அந்தப் பயிற்சியை ஆண்டு விழா மேடைக்குக் கொண்டுவரும்போது, பெற்றோர் பார்வையாளர் என்ற நிலையே மறைந்துவிடுகிறது. திரைப்பாடலுக்கு வாடகை உடை போட்டு ஆட வைப்பதைவிட இதற்குச் செலவும் குறைவு.

ஊரைப் பள்ளியின் பங்காளியாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் தலைமையில் இருந்த 1950களின் பிற்பகுதியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. பள்ளிக்கு என்னென்ன தேவை என்று பட்டியலிட்டு, அவற்றை ஊரார் பொருளாகவும் நிலமாகவும் உழைப்பாகவும் கொடுத்தார்கள். பட்டியல் இருந்ததுதான் அந்த இயக்கத்தின் வலிமை. எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டால் ஊர் கொடுக்கும். “ஒத்துழைப்பு நல்குங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகும்.

## கோயில் முறையை அப்படியே எடுக்கக் கூடாத இடங்கள்

1. சாதி. ஊர் நோம்பியின் வேலைப் பங்கீடு பெரும்பாலும் சாதிப் பங்கீடு. சிலரிடம் வரி வாங்குவதில்லை என்பது சலுகைபோல் தோன்றும். வரி இல்லாதவருக்கு ஊர்க்கூட்டத்தில் குரலும் இல்லை என்பதே அதன் உட்பொருள். பள்ளியில் யார் பந்தல் போடுவது, யார் சமைப்பது, யார் பெருக்குவது என்பதை ஊர் வழக்கப்படி விட்டுவிட்டால் அந்தப் பங்கீடு பள்ளி வாசலுக்குள்ளும் வந்துவிடும். குலுக்கல் முறையிலோ வகுப்பு வாரியாகவோ வேலையைப் பிரிப்பது இதற்கு எளிய தடுப்பு. சமத்துவப் பொங்கல் என்ற பெயருக்கு அப்போதுதான் பொருள் உண்டு. அடுப்பை யார் பற்றவைத்தார், பொங்கலை யார் பரிமாறினார் என்பதில்தான் சமத்துவம் சோதிக்கப்படுகிறது.

2. வழிபாடு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசமைப்பின் 28ஆம் உறுப்பு. அறுவடைத் திருநாளாகப் பொங்கல் வைப்பதில் சிக்கல் இல்லை. மாரியம்மன் நோம்பி கோயிலுடையது. அதைப் பள்ளி நடத்த வேண்டியதில்லை, மதிக்க வேண்டும், நாளைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

3. வரி. அண்மை ஆண்டுகளில் பரவியுள்ள கல்விச் சீர் இங்கே தனியாகப் பார்க்கத் தக்கது. தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போல, பெற்றோரும் ஊராரும் தாம்பாளத் தட்டுகளோடும் மேளத்தோடும் ஊர்வலமாக வந்து மின்விசிறி, நாற்காலி, புத்தகம், எழுதுபொருள் ஆகியவற்றைப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். இணைச்சீர், மாமன் சீர் என்று வாழ்வின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு சீர் வைத்திருக்கும் கொங்கு நாட்டில் இது உடனே ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பள்ளியைச் சொந்தமாக எண்ணும் உணர்வை ஒரு சுற்றறிக்கையைவிட இந்த ஊர்வலம் நன்றாக உண்டாக்குகிறது. ஆனால் சீருக்கு ஓர் இயல்பு உண்டு: யார் எவ்வளவு வைத்தார் என்பது எழுதிவைக்கப்படும், பேசப்படும். பீரோ கொடுத்தவர் மேடையிலும் பென்சில் பெட்டி கொடுத்தவர் கூட்டத்திலும் இருந்தால், அடுத்த ஆண்டு பென்சில் பெட்டிக்காரர் வரமாட்டார். கல்வி உரிமைச் சட்டத்தின்படி கட்டணமின்றிக் கற்பது பிள்ளையின் உரிமை. சீர் கொடுப்பது விருப்பம் மட்டுமே. வீட்டுக்கு இவ்வளவு என்று தொகை வகுத்தால் அது சீர் என்ற பெயரை இழந்து தலைக்கட்டு வரி ஆகிவிடும். கொடுத்தவர் பெயர் இல்லாமல் பொருள்களின் பெயர் மட்டும் வாசிக்கப்படும் ஊர்வலம் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும்.

## நோம்பி இல்லாத குடும்பங்கள்

திருப்பூர், கோவை, ஈரோடு நகரப் பள்ளிகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த ஊரில் நோம்பி கிடையாது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து பின்னலாடை நிறுவனங்களிலும் தறிகளிலும் வேலைசெய்யும் குடும்பங்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறார்கள். மதுரைக்குத் தெற்கேயிருந்து வந்த குடும்பத்துக்கும் பூப்பறிக்கும் நோம்பி புதிய செய்திதான். இவர்களுக்கு ஊர்க்கூட்டத்தில் இடமில்லை, கோயிலில் முறை இல்லை. பள்ளி விழா ஒன்றே இந்த ஊரில் அவர்கள் பங்கேற்கக்கூடிய பொது விழாவாக இருக்கும். சட் பூசை (பீகார்ப் பகுதி மக்களின் சூரிய வழிபாடு) நாளில் ஒரு பிள்ளை வராததற்கும் மாவிளக்கு நாளில் இன்னொரு பிள்ளை வராததற்கும் காரணம் ஒன்றே என்பதை ஆசிரியர் அறிந்திருந்தால், பதிவேட்டில் இரண்டையும் ஒரே கண்ணோடு பார்ப்பார்.

## கூட்டத்தின் நேரம்

ஊர்க்கூட்டம் இரவு எட்டு மணிக்குமேல் கூடுகிறது. தறி நிறுத்தி, பால் கறந்து ஊற்றி, சாப்பிட்டுவிட்டு ஆள்கள் வருகிறார்கள். பள்ளிக் கூட்டமோ பெரும்பாலும் வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்கு. ஷிப்டில் இருப்பவருக்கு அரை நாள் கூலி போகும். ஆசிரியர் நள்ளிரவு வரை காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களையாவது மாற்றி வைக்க இயலும். ஒன்று, ஆடி முதல் வாரத்தில், தேர்வு நெருக்கடி இல்லாத ஒரு மாலையில்: ஆண்டு முழுவதற்குமான வேலைப் பட்டியலும், எந்த வேலை எந்த வகுப்புப் பெற்றோருக்கு என்பதும் அதில் முடிவாக வேண்டும். மற்றொன்று, மார்கழியில், பொங்கல் விடுமுறைக்கு முன்னால்: ஊர் நோம்பி எந்த வாரம் வரக்கூடும் என்று கோயில் பொறுப்பாளர்களைக் கேட்டு, பொதுத்தேர்வுத் தேதிகளை அவர்கள் கையில் கொடுத்து, தேர்வு நாள்களுக்கு முந்தைய இரவுகளில் ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று அப்போதே பேசி எழுதிக்கொள்வது. சாட்டிய பிறகு இதைப் பேசப் போனால், ஊர் கேட்கும் நிலையில் இருக்காது.